ஒடுங்கிய மேல்தாடைக்கு எக்ஸ்பாண்டர்: ஒன்பது வயதிலேயே போடலாமா, பால்பல் எல்லாம் விழும்வரை பொறுக்க வேண்டுமா?

களுவாஞ்சிக்குடித் தாய்

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் ஆண்டில் படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் பாடசாலைக்கு அனுப்புவதற்காகத் தலைவாரிப் பொட்டு வைத்தபோதுதான் முதன்முதலில் கவனித்தேன். நெற்றிப் பொட்டுக்கும் மூக்கு நுனிக்கும் நேரே நாடி வரவில்லை. ஒரு நெல்மணியின் அகலத்துக்கு வலப்பக்கம் ஒதுங்கி நின்றது. வாயை அகலத் திறக்கச் சொன்னால் நாடி நேராக வருகிறது, பல்லைக் கடிக்கச் சொன்னால் மறுபடியும் ஒதுங்குகிறது. பாடசாலைப் பல் சிகிச்சையாளரிடம் காட்டினோம். அவர் தந்த கடிதத்துடன் வைத்தியசாலையில் பல்சீரமைப்பு நிபுணரைச் சந்தித்தோம். அச்சும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்த பின்னர், மேல்தாடை ஒடுங்கியிருப்பதாகவும், வலப்பக்க மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகக் கடிப்பதாகவும், அண்ணத்தில் திருகாணி வைத்த எக்ஸ்பாண்டரைப் பொருத்தித் தாடையை விரிக்கலாம் என்றும் சொன்னார்.

வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. என் அம்மா, "அந்தச் சின்ன வாய்க்குள்ள இரும்ப வெச்சுத் திருகி எலும்பப் பிளக்கிறதா? பால்பல்லே இன்னும் விழுந்து முடியல்ல, மறுகா பாப்பம்" என்கிறார். கணவரோ, அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை இருப்பதால் அது முடியட்டும் என்கிறார். இந்தச் சிகிச்சையைப் பிள்ளைக்குச் செய்வித்தவர்கள், பொறுத்துப் பார்த்தவர்கள் இரு தரப்பினரும் உங்கள் அனுபவத்தை எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

கல்லடிப் பாலம்

சகோதரி, பொறுத்துப் பார்த்தவர்களில் நான் ஒருவன். என் மகனுக்கும் இதேபோல மேற்பற்கள் உட்புறமாகக் கடிக்கும் குறுக்குக் கடி எட்டு வயதிலேயே இருந்தது தெரியும். பல்லெல்லாம் முளைத்த பிறகு கம்பி போட்டால் எல்லாம் ஒன்றாகச் சரியாகிவிடும் என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டோம். அதன் பின் ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை வந்தது, அதன் பின் ரியூசன், அதன் பின் சாதாரண தரம். பதினாறு முடிந்த பிறகுதான் அழைத்துச் சென்றோம். முயன்று பார்ப்போம் என்று எக்ஸ்பாண்டர் பொருத்தினார்கள். மூன்று வாரம் திருகியும் முன்பற்களுக்கிடையே இடைவெளி வரவேயில்லை. கடைவாய்ப் பற்கள் மாத்திரம் வெளிப்புறமாகச் சரியத் தொடங்கியதால் நிறுத்திவிட்டார்கள். வளர்ச்சி முடிந்த பின் சத்திரசிகிச்சையுடன் சேர்த்துச் செய்வது பற்றி இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். எட்டு வயதில் திருகாணியைத் திருகும் ஒரு திறப்பும் சில வாரங்களும் போதுமாயிருந்த காரியம் இது. உங்கள் கணவரிடம் என் பதிவைக் காட்டுங்கள்.

ஓய்வுபெற்ற சிகிச்சையாளர்

மகரகமவில் பயிற்சி பெற்று, மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலைகளில் பல ஆண்டுகள் பல் சிகிச்சையாளராக வேலை செய்தவள் என்ற வகையில் இதை எழுதுகிறேன். தங்கச்சி, நீங்கள் பொட்டை வைத்துப் பார்த்த பார்வை மிகச் சரியான பார்வை. மேல்தாடை ஒடுங்கிய பிள்ளை வாயை மூடும்போது பற்கள் முனைக்கு முனை இடித்துக்கொள்வதால், வசதியாகக் கடிப்பதற்காகக் கீழ்த்தாடையை ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறது. பார்ப்பவருக்கு ஒரு பக்கத்தில் மட்டும் கோளாறு இருப்பதுபோலத் தெரிந்தாலும், பெரும்பாலும் மேல்தாடை இரு பக்கமும் சமமாகவே ஒடுங்கியிருக்கும். வளரும் வயதில் நாளெல்லாம் தாடையை ஒரு பக்கம் இழுத்தபடி மென்றால், எலும்பும் அந்தக் கோணலுடனேயே வளரக்கூடும். பால்பல் விழட்டும் என்று பொறுப்பது எனக்கு உடன்பாடில்லாததற்கு முதற்காரணம் இதுதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஏழு வயதளவில், மேலே முன்பற்கள் முளைக்கும் காலத்தில், பிள்ளையை வெளிச்சத்தில் இருத்தி, கடைவாயைக் கடிக்கச் சொல்லி, கன்னத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். ஒரு பெட்டியின் மூடி பெட்டியை வெளியே கவ்வி நிற்பதுபோல மேற்பற்கள் கீழ்ப்பற்களைச் சுற்றி வெளியே நிற்க வேண்டும். மூடி பெட்டிக்குள் விழுந்துகிடந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். ஆனால் முகம் ஒடுங்கியிருக்கிறது, பற்கள் நெருக்கமாக இருக்கின்றன என்பதற்காக மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் அண்ணத்தை விரிக்க வேண்டியதில்லை; அப்படி நினைத்துக் கவலைப்படும் தாய்மாரையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விரல் சூப்பும் பழக்கம் இன்னமும் இருந்தால் அதையும் நிபுணரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தாடையை விரித்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்தால் அகலம் மறுபடி குறையும்.

வயலோரம்

சம்மாந்துறையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இதில் இன்னும் நம்பிக்கை வரவில்லை, மன்னியுங்கள். அண்மைக்காலமாக யாரைப் பார்த்தாலும் பிள்ளைக்கு எக்ஸ்பாண்டர் போட வேண்டும் என்கிறார்கள். குறட்டை நிற்கும், படுக்கையில் சிறுநீர் கழிப்பது நிற்கும், படிப்பில் கவனம் கூடும் என்றெல்லாம் ஒரு தனியார் கிளினிக்கில் என் தங்கைக்குச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையின் கடியில் எந்தக் கோளாறும் இல்லை. எங்கள் காலத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்து பெற்றோரைப் பயமுறுத்துவதாகவே எனக்குத் தோன்றுகிறது. எலும்பை உண்மையிலேயே விரிக்க முடியுமா என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.

பல்மருத்துவர், அம்பாறை மாவட்டம்

வயலோரம் கேட்டிருப்பதில் பாதி நியாயமான கேள்வி, பாதி தவறான எண்ணம். தவறான எண்ணத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

இந்தச் சிகிச்சை புதிதல்ல. சான்பிரான்சிஸ்கோவில் பல்வைத்தியம் செய்த எமர்சன் ஏஞ்சல் என்பவர் 1860இல், பதினான்கரை வயதுச் சிறுமி ஒருத்தியின் அண்ணத்துக்குக் குறுக்கே திருகாணி பொருத்திய கருவியை வைத்து, இரண்டு வாரத்தில் மேல்தாடை விரிந்து முன்பற்களுக்கிடையே இடைவெளி தோன்றியதை எழுதினார். அந்நாளில் அவரை நம்பியவர்கள் குறைவு. எலும்பு விலகும் என்பதை அவருடைய காலத்துப் பல்வைத்தியர்களே ஏற்க மறுத்தார்கள். களுவாஞ்சிக்குடிச் சகோதரியின் தாயார் கேட்ட அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். அமெரிக்காவில் அன்ட்ரூ ஹாஸ் என்பவர் பன்றிகளில் பரிசோதித்து, பின் பிள்ளைகளிலும் செய்து, 1961இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே இது பரவலான சிகிச்சையாயிற்று.

எலும்பைப் பிளப்பது என்ற சொல் பெற்றோரை வீணாக அச்சுறுத்துகிறது. மேல்தாடை ஒரே எலும்பு அல்ல. இடமும் வலமுமாக இரண்டு எலும்புகள் அண்ணத்தின் நடுவில் ஒரு பொருத்துவரியில் சந்திக்கின்றன. சிறு வயதில் அந்த வரி ஏறத்தாழ நேராகவும் நெகிழ்வாகவும் இருக்கும். வயது ஏற ஏற, இரு கைகளின் விரல்களைக் கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு, கடைசியில் இணைந்தும் விடுகிறது. கருவி அந்த வரியை விலக்குகிறது; விலகிய இடத்தில் அடுத்த சில மாதங்களில் புதிய எலும்பு நிரம்புகிறது. கல்லடிச் சகோதரரின் மகனுக்குப் பற்கள் மட்டும் சரிந்ததற்குக் காரணம், விசை சென்று விலக்க அங்கே நெகிழ்வான வரி இருக்கவில்லை. இத்தனையாவது பிறந்தநாளில் வரி மூடிவிடும் என்று நாள் குறிக்க முடியாது, ஒருவருக்கொருவர் பல ஆண்டுகள் வேறுபடும். ஆயினும் பருவமடையும் வளர்ச்சிக்கு முன்னர் செய்வது எளிது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பிந்தி வருகிறவர்களுக்கு அண்ண எலும்பில் சிறு திருகாணிகளை நேரடியாகப் பதித்து விரிப்பதும், சத்திரசிகிச்சை செய்து விரிப்பதும் வழிகளாக உள்ளன.

இனி உங்கள் நியாயமான கேள்வி. அண்ணம் மூக்கின் தரையும்கூட என்பதால், அண்ணம் விரியும்போது மூக்கின் உட்பகுதியும் சற்று அகலமாகிறது. சில பிள்ளைகளுக்கு மூச்சு இலகுவாவதும் உண்மை. ஆனால் கடியில் கோளாறில்லாத பிள்ளைக்கு, குறட்டையை நிறுத்துவதற்கென்றோ பிற்காலத்தில் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படாமல் காப்பதற்கென்றோ அண்ணத்தை விரிக்கப் போதிய ஆதாரமில்லை. அமெரிக்கப் பல்சீரமைப்பு நிபுணர் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. பிள்ளை நாளும் குறட்டை விட்டால், வாய் திறந்தபடி தூங்கினால், மூக்கின் பின்னாலுள்ள அடினொயிட் சதையையும் தொண்டைச் சதையையும் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் முதலில் காட்டுங்கள். உங்கள் தங்கையின் பிள்ளைக்கு இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்காமல் எதையும் பொருத்த வேண்டாம்.

களுவாஞ்சிக்குடித் தாய்

டொக்டர், மிக்க நன்றி. கைவிரல்களைக் கோத்துக் காட்டி அம்மாவுக்கு விளக்கினேன். சற்று நேரம் தன் விரல்களையே கோத்தும் பிரித்தும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நேரத்தோட செய்யிறதுதான் நல்லம்" என்றார். கணவரும் இசைந்துவிட்டார். அடுத்த கிளினிக்கில் பொருத்துகிறார்கள். திருகுவது பெற்றோரின் வேலை என்று சொன்னதிலிருந்து எனக்குத்தான் கை நடுங்குகிறது.

அக்கரைப்பற்று வாப்பா

சகோதரி, பயப்பட வேண்டாம். என் மகனுக்கு இருபத்தெட்டு முறை திருகியவன் நான். எங்களுக்குக் கற்பித்தவாறு எழுதுகிறேன், உங்கள் வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே செய்யுங்கள்.

பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைத்து, தலை உங்கள் மடியில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் கைபேசி வெளிச்சத்தைப் பிடிக்கட்டும். திருகாணியின் நடுவில், முன்புறமாக ஒரு சிறு துளை தெரியும். திறப்பின் கம்பி முனையை அதில் விட்டு, முன்னிருந்து பின்னாக, தொண்டைப் பக்கம் நோக்கி மெதுவாகத் தள்ள வேண்டும். இங்கேதான் நான் முதல் வாரத்தில் பிழை விட்டேன். பிள்ளை முகத்தைச் சுளித்ததும் பாதியில் நிறுத்தித் திறப்பை எடுத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் துளையையே காணவில்லை. அது பாதி சுழன்று மறைந்து நின்றது, திறப்பு உள்ளே போகவேயில்லை. கிளினிக்குக்கு ஓடினோம். அடுத்த துளை முன்புறத்தில் முழுதாகத் தெரியும்வரை தள்ள வேண்டும். எடுக்கும்போது திறப்பை முன்னோக்கி இழுத்தால் திருகாணி திரும்பிவிடும் என்பதால், பின்பக்கமாகச் சாய்த்துக் கீழே இறக்கி எடுக்க வேண்டும். திறப்பில் ஒரு நீண்ட நூலைக் கட்டி உங்கள் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். கை தவறினாலும் அது தொண்டைக்குள் போகாது.

திருகியதும் மூக்கின் அடியிலும் கண்ணுக்குக் கீழேயும் ஓர் அழுத்தம் வருவதாக மகன் சொல்வான், சில நிமிடத்தில் அடங்கிவிடும். பேச்சுத்தான் முதல் வாரத்தில் சிரமம். அவன் குர்ஆன் மதரசாவில் ஓதுகிறவன். சில எழுத்துக்களின் உச்சரிப்பு கலங்கியதால் ஓத மாட்டேன் என்று அழுதான். விடயத்தை உஸ்தாதிடம் முன்னரே சொல்லிவைத்தோம். அவர் பத்து நாட்களுக்கு அவனைத் தனியே இருத்தி மெதுவாக ஓதவைத்தார், பின்னர் நாக்கு தானாகவே வழிகண்டுகொண்டது.

களுவாஞ்சிக்குடித் தாய்

பொருத்தி இன்று பன்னிரண்டாம் நாள். காலையில் ஒன்று, இரவில் ஒன்றாகத் திருகச் சொல்லியிருக்கிறார்கள். வாப்பா எழுதியவாறே நூல் கட்டிக்கொண்டுதான் செய்கிறேன்.

இரண்டு செய்திகள். முதலாவது, முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி போகுமளவுக்கு இடைவெளி வந்துவிட்டது! வரும் என்று சொல்லியிருந்தார்கள்தான், ஆயினும் கண்ணாடியில் அதைப் பார்த்த அன்று மகள் வாயைப் பொத்திக்கொண்டு பாடசாலைக்குப் போக மறுத்துவிட்டாள். நானும் இரவெல்லாம் தூங்கவில்லை. இது மூடிக்கொள்ளுமா? இரண்டாவது, தமிழ்த்தினப் போட்டியில் பேச்சுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். நாக்கை மேலே மடித்துச் சொல்லும் எழுத்துக்கள் எல்லாம் திருகாணியில் இடறுகின்றன. "வாழை" என்பது "வாயை" என்றும், "கண்ணாடி" என்பது "கன்னாதி" என்றும் வருகிறது.

பல்மருத்துவர், அம்பாறை மாவட்டம்

சகோதரி, அந்த இடைவெளி நல்ல அடையாளம். பற்கள் சரியாமல் எலும்பே விலகியிருக்கிறது என்பதை வீட்டிலேயே காட்டும் சான்று அது. ஒரு முறை திருகினால் ஏறத்தாழ 0.25 மில்லிமீற்றர் விரிகிறது. நாளுக்கு இரண்டு என்றால் அரை மில்லிமீற்றர். முன்பற்களின் நடுவே தெரியும் இடைவெளி, திருகாணி விரிந்த தூரத்தில் ஏறத்தாழ பாதியாக இருக்கும். பற்களை இணைக்கும் முரசு (ஈறு) நார்கள் இழுபட்டு நிற்பதால், திருகுவதை நிறுத்திய பின் அவையே இரண்டு பற்களையும் மெல்ல மெல்ல ஒன்றுசேர்த்துவிடும். மகளுக்கு இதைச் சொல்லுங்கள். திருகாணியின் கணக்கை ஒரு கொப்பியில் அவளே எழுதிவரட்டும், பயம் குறையும்.

உச்சரிப்புக்கு, நாளும் பதினைந்து நிமிடம் உரத்து வாசிப்பதே வழி. ழ, ள, ண, ட நான்குக்கும் நாக்கு நுனி அண்ணத்தைத் தேடிப் போகும் என்பதால், நம் பிள்ளைகளுக்குத் தடுமாற்றம் இருக்கவே செய்யும். நாக்கு புதிய இடத்துக்குப் பழகிக்கொள்ளும்.

வயலோரம்

டொக்டர் சொன்னபடி தங்கையின் பிள்ளையைக் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டினோம், அடினொயிட் பெருத்திருப்பதாகச் சொல்லிச் சிகிச்சை தொடங்கியுள்ளார். அண்ணத்தில் எதுவும் போடவில்லை. நான் முதலில் எழுதியது கடுமையாக இருந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி மட்டும்: பிள்ளை தானே கழற்றி மாட்டக்கூடிய பிளேற் இருக்கிறதாமே, தூர இடத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது வசதியில்லையா?

பல்மருத்துவர், அம்பாறை மாவட்டம்

வசதிதான், ஆனால் கழற்றக்கூடியது கழன்றே இருக்கும் என்பதே அதன் குறை. மேசை இலாச்சியில் கிடக்கும் பிளேற் தாடையை விரிக்காது. பால்பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்திருக்கும் வயதில், கடைவாய்ப் பற்களில் ஒட்டிய நான்கு சுருள் கம்பிக் கருவி கழற்றக்கூடிய பிளேற்றைவிடக் கூடுதலாக வெற்றி தருவதாக, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. அந்தக் கருவிக்கு வீட்டில் திருகும் வேலையும் இல்லை. எதைப் பொருத்துவது என்பதைப் பிள்ளையின் வாயைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வாகரைத் தாய்

இதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்களுக்கு நேர்ந்ததை எழுதாவிட்டால் மனம் ஆறாது. மகனுக்குத் திருகும் வேலை முடிந்து, கருவியை அப்படியே வாயில் வைத்திருக்கச் சொன்ன காலம் அது. மாரி மழையில் ஒரு பக்கப் பல்லைச் சுற்றிய வளையத்தின் சிமெந்து விட்டுப்போய், கருவி ஆடத் தொடங்கியது. வீதியில் வெள்ளம், அந்த மாதக் கிளினிக்குக்குப் போக முடியவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, அடுத்த திகதிக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். அவசரம் என்று எங்களுக்கும் தெரியவில்லை, சொன்னவருக்கும் தோன்றவில்லை. திருகுவதுதான் முடிந்துவிட்டதே என்று நினைத்து, ஆடிய கருவியைப் பிள்ளை கழற்றியபோது நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். ஆறு வாரங்களுக்குப் பின் போனால், விரித்ததில் பெரும்பங்கு திரும்ப ஒடுங்கியிருந்தது. மறுபடி அச்சு எடுத்து, முதலிலிருந்து தொடங்கினோம். பிள்ளை பட்ட சிரமம் அத்தனையும் இரண்டு முறை.

ஓய்வுபெற்ற சிகிச்சையாளர்

தங்கச்சி, உங்கள் மேல் குற்றமில்லை. இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியது கிளினிக்கின் கடமை. விரிப்பது சில வார வேலை, விரித்ததைப் பிடித்துவைத்திருப்பது ஏறத்தாழ ஆறு மாத வேலை. திருகாணி அசையாமல் சும்மா இருப்பதுபோலத் தோன்றும் அந்த மாதங்களில்தான் நடுவில் எலும்பு நிரம்புகிறது. வளையம் ஆடினால், சிமெந்து விட்டால், திகதியைப் பார்க்காமல் அருகிலுள்ள வைத்தியசாலைப் பல் பிரிவுக்குப் போய் விடயத்தைச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு நடுவில் திகதி விழுந்தால், முன்கூட்டியே மாற்றித் தரும்படி கேட்கவும் தயங்க வேண்டாம்.

களுவாஞ்சிக்குடித் தாய்

எட்டு மாதங்களுக்குப் பின் இந்த இழைக்கு வருகிறேன். கருவியைச் சென்ற வாரம் கழற்றினார்கள். அண்ணத்தில் திருகாணி இருந்த இடம் சிவந்து, ஒரு தடம் பதிந்திருந்தது, மூன்று நாளில் மறைந்துவிட்டது. முன்பல் இடைவெளி திருகுவதை நிறுத்திய சில மாதங்களிலேயே மூடிக்கொண்டது. இரவில் போட ஒரு பிளேற் தந்திருக்கிறார்கள். நிரந்தரப் பற்கள் முழுதும் முளைத்த பின் கம்பி தேவைப்படலாம் என்றும் சொன்னார்கள். அதை மறைக்க விரும்பவில்லை, எக்ஸ்பாண்டரோடு எல்லாம் முடிந்துவிடும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

தமிழ்த்தினப் போட்டியில் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை, ஆனால் மேடையில் ஏறிப் பேசினாள். பரீட்சைக்கான படிப்பு ஒரு நாளும் தடைப்படவில்லை.

இனித் தொடங்குகிறவர்களுக்காகச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிட்டு திருகாணிக்கும் அண்ணத்துக்கும் இடையில் போய் இறுகிவிடுகிறது. முதல் வாரத்தில் அது அங்கேயே கிடந்து நாறி, முரசு வீங்கியது. சொதி விட்டுக் குழைத்த இடியப்பம், கஞ்சி, எருமைத் தயிர் விட்ட சோறு எல்லாம் சிக்கலின்றி இறங்கின. தொதல், ரொஃபி, கச்சான், சோளன் நான்கையும் நிறுத்திவிட்டோம். மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ் ஒன்று வாங்கி, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கருவியின் அடியில் பீய்ச்சினால் உள்ளே கிடப்பது வெளியே வந்துவிடும். இரண்டாம் வாரத்திலிருந்து அதை மகளே கண்ணாடி முன் நின்று செய்துகொண்டாள்.

மட்டுநகர் வாசகி

அக்கா, என் மகனுக்கு ஏழு வயது. உங்கள் பதிவை வாசித்துவிட்டு இன்று காலை அவனை வெளிச்சத்தில் இருத்திக் கடிக்கச் சொல்லிப் பார்த்தேன். இடப்பக்கம் மேற்பற்கள் உள்ளே விழுகின்றன. எங்கே தொடங்குவது?

களுவாஞ்சிக்குடித் தாய்

தங்கச்சி, பாடசாலைப் பல் கிளினிக்கில் காட்டி ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், அதைக் கொண்டு வைத்தியசாலையில் பல்சீரமைப்பு நிபுணரின் கிளினிக்குக்குத் திகதி எடுக்கலாம். போகும்போது பிள்ளை கடிக்கும்போதும், வாயைத் திறக்கும்போதும் நேரே முகத்தை வைத்து இரண்டு படம் எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக்கில் பயத்தில் பிள்ளைகள் இயல்பாகக் கடித்துக் காட்டமாட்டார்கள். வாய் திறந்தபடி தூங்குகிறானா, விரல் சூப்புகிறானா என்பதையும் இந்தக் கிழமை கவனித்து எழுதிவையுங்கள், இரண்டையும் எங்களிடம் முதலிலேயே கேட்டார்கள்.

மட்டுநகர் வாசகி

விரல் சூப்புகிறான் அக்கா, தூக்கத்தில் மட்டும். நாளைக்கே பாடசாலைக் கிளினிக்குக்குப் போகிறேன்.